தோற்றவர் பெயர் கொண்ட நாடகம்: ஈஸ்கிலசின் 'பாரசீகர்'

கி. மு. 472 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், தயனைசஸ் தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட பெருவிழாவின்போது, ஏதென்ஸ் நகர மக்கள் அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த அரங்கிலே திரண்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னே, குன்றின் உச்சியில், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் படை எரித்துவிட்டுப் போன கோயில்களின் இடிபாடுகள் கிடந்தன. பார்த்தினன் கோயிலைக் கட்டத் தொடங்குவதற்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன. அரங்கில் அமர்ந்திருந்தோரிற் பலர் தம் கையாலே துடுப்பு வலித்துச் சலாமிஸ் நீரிணையிற் போர் செய்தவர்; பலர் அப்போர்களிலே தந்தையையோ தமையனையோ மகனையோ பறிகொடுத்தவர். அத்தகையோர் கண்முன் அன்று விரிந்த களம் பகைவனுடைய தலைநகராகிய சூசா. அரங்கிற் புகுந்தோர் அனைவரும் பாரசீகர். முதலிலிருந்து முடிவுவரை ஒரு கிரேக்கன்தானும் அங்குத் தோன்றவில்லை. வென்றவர் நகரிலே, வென்றவர் முன்னிலையிலே, தோற்றவர் தம் இழப்பை எண்ணி அழுவதையே பொருளாகக் கொண்ட அந்நாடகம் உள்ளிட்ட தொகுதிக்கு முதற் பரிசும் கிடைத்தது.

இன்று முழுமையாகக் கிடைக்கும் கிரேக்க நாடகங்களுள் மிகப் பழையது இப் 'பாரசீகர்'. தெய்வக் கதைகளையும் தொல்வீரர் கதைகளையும் விடுத்து, அண்மைக்கால வரலாற்றைப் பொருளாகக் கொண்டு எஞ்சியுள்ள கிரேக்கத் துன்பியல் நாடகமும் இஃது ஒன்றே. வரலாற்றை அரங்கேற்றுவது அக்காலத்தில் ஆபத்தான முயற்சியாகவும் இருந்தது. பிரினிக்கஸ் என்னும் கவிஞர், பாரசீகர் மைலீட்டஸ் நகரைக் கைப்பற்றி அழித்த செய்தியை நாடகமாக்கியபோது அரங்கம் முழுவதும் கண்ணீர் விட்டது. உடனே ஏதென்ஸ் மக்கள் அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடித்தலாகாது எனவும் ஆணையிட்டனர். தம்மவர் துயரை நினைவூட்டியமையே அவர் செய்த குற்றம். பின்னர் அதே பிரினிக்கஸ் பகைவருடைய தோல்வியைப் 'பினீசியப் பெண்கள்' என்ற நாடகத்தாற் காட்டினார். ஈஸ்கிலஸ் அதனை அடியொற்றியே தம் நாடகத்தை ஆக்கினார் என்பது பழைய உரைக்குறிப்பு. தம்மவர் கண்ணீரைக் காணப் பொறாத மக்கள் பகைவர் கண்ணீரைக் காண விரும்பினர் என்று இதனை எளிதாக விளக்கிவிடலாம். ஆயின் 'பாரசீகர்' அவ்வளவு எளிதாக அடங்கிவிடும் நாடகம் அன்று.

இக்கவிஞர் போரைத் தொலைவிலிருந்து கேட்டறிந்தவர் அல்லர். கி. மு. 490 இல் மரதன் களத்திலே பாரசீகரை எதிர்த்துப் பொருதவர். அவருடைய உடன்பிறந்தான் கினகைரஸ், தப்பிச் செல்ல முயன்ற பகைவர் கப்பலின் பின்னணியத்தைக் கையாற் பற்றி நிறுத்தியபோது, கோடரியால் அக்கை வெட்டுண்டு அக்களத்திலேயே மாண்டான். சலாமிசிலும் கவிஞர் இருந்தார் என அவர் காலத்தை அடுத்து வாழ்ந்த கியோஸ் தீவினரான அயோன் கூறியுள்ளார். ஈஸ்கிலசின் கல்லறைப் பாட்டு எனப் பழையோர் போற்றியதில் அவர் மரதனிற் காட்டிய வீரம் பேசப்படுகிறதேயன்றி, அவர் இயற்றிய நாடகம் ஒன்றேனும் பேசப்படவில்லை. தம் உடன்பிறந்தானைக் கொன்றவரின் தாயரும் மனைவியரும் அழும் குரலை எழுதிய கை அத்தகைய ஒருவருடையது.

நாடகத்தின் பெயர் தமிழ் மாணவருக்கு உடனே ஒரு மரபை நினைவூட்டும். பரணி என்னும் சிற்றிலக்கியம் வென்றவனைப் பாடினும் தோற்றவர் பெயராலேயே வழங்கும். முதற் குலோத்துங்கனுடைய படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வடகலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டாரின் நூல் 'கலிங்கத்துப்பரணி' ஆயிற்றேயன்றிச் சோழப்பரணி ஆகவில்லை. கிரேக்கக் கவிஞரும் தம் நாடகத்துக்குச் 'சலாமிஸ்' என்றோ 'வெற்றி' என்றோ பெயரிடாது 'பாரசீகர்' என்றே பெயரிட்டார். இரண்டு மொழிகள், இடையிலே ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுகள். ஒன்றையொன்று அறியாத இரு புலவர். பெயர் மட்டும் ஒரே முறையில் அமைந்துள்ளது. தோற்றவருக்குப் பெயரை வழங்கிய இவ்விருவரும் வேறு எவற்றையெல்லாம் வழங்கினர், எவற்றை வழங்காது விட்டனர் என்று வினவுவதே இந்நாடகத்தை மதிப்பிடுதற்கு ஏற்ற வழி.

ஈஸ்கிலஸ் வழங்கியவற்றுள் முதன்மையானவை பெயர்கள். களத்திலிருந்து மீண்டு வந்த தூதன் மாண்ட படைத்தலைவர் ஏறத்தாழ இருபதுபேரை ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி எண்ணுகிறான். பதினாயிரம் குதிரைவீரருக்குத் தலைவனாயிருந்தவன் இன்று பாறைக்கரையில் மோதுண்டு கிடக்கிறான். வேறொருவனுடைய அடர்ந்த தாடி அவன் குருதியாலேயே நிறம் மாறியது. மற்றொருவன் கப்பலிலிருந்து ஒரே தாவலில் கடலுள் வீழ்ந்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஊர், ஒரு பதவி, ஓர் இறப்பு. கிரேக்கர் பக்கத்திலோ ஒரு பெயரும் இல்லை. சலாமிஸ் வெற்றிக்கு வழிவகுத்த தெமிஸ்டோக்கிளிசை அரங்கிலிருந்த யாவரும் அறிவர்; அவர் சூழ்ச்சியால் அனுப்பப்பட்ட ஆளைப் பற்றித் தூதன் பேசும்போதுகூட 'ஒரு கிரேக்கன் வந்தான்' என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. வென்றவர் ஒரு பெருந்திரளாகி, பெயரும் முகமும் தோற்றவருக்கே உரியனவாகின்றன. போர்ச் செய்திகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக எழுதப்படுவதை எவரும் அறிவர்: நம்மவர் இறந்தால் பெயர், பிறர் இறந்தால் தொகை.

இரண்டாவதாக அவர் வழங்கியது காத்திருத்தல். நாடகம் போர்க்களத்தில் தொடங்கவில்லை. செய்தி வாராத ஒரு நகரில், நாட்களை எண்ணும் பெற்றோரையும் தனித்த படுக்கையிலே கண்ணீர் உகுக்கும் மனைவியரையும் பற்றி முதியோர் குழு பாடுவதோடு தொடங்குகிறது. ஆசியாவின் ஆண்மை முழுவதும் புறப்பட்டுப் போய்விட்டது; ஒரு குதிரைவீரனும் திரும்பி வரவில்லை. இவ்வச்சம் ஏதென்ஸ் மக்கள் அறியாதது அன்று. கி. மு. 480 இல் தம் பெண்டிரையும் பிள்ளைகளையும் திரோயிசன், ஈஜினா, சலாமிஸ் ஆகிய இடங்களுக்கு அனுப்பிவிட்டு ஊரைக் காலிசெய்து போனவர்கள் அவர்கள். தாம் அறிந்த அச்சத்தைப் பகைவர் இல்லத்தில் இருக்கக் கண்டபோது, அதனை அயலாருடையது என்று தள்ளிவிடுதல் அவர்களுக்கு எளிதாயிருந்திராது.

மூன்றாவது கொடை அரசியின் கனவு. நாடகத்தின் நெஞ்சு இதுவே. சேர்க்சிசின் தாயாகிய அரசி கனவிலே இரு மகளிரைக் காண்கிறாள். ஒருத்தி பாரசீக உடை தரித்தவள். மற்றவள் கிரேக்கத் தோரிய உடை அணிந்தவள். இருவரும் இன்றுள்ள மகளிரினும் உயர்ந்த தோற்றமும் மாசற்ற அழகும் உடையவர். ஒரே குலத்திற் பிறந்த உடன்பிறப்புகள். திருவுளச்சீட்டினால் ஒருத்திக்குக் கிரேக்க நாடும் மற்றவளுக்கு அதற்கு அப்பாலுள்ள நாடும் வாழிடமாக வாய்த்தன. இருவரிடையே பூசல் எழுகிறது. சேர்க்சிஸ் இருவரையும் தன் தேரிற் பூட்டுகிறான். ஒருத்தி கடிவாளத்துக்குப் பணிந்து பெருமிதத்தோடு நிற்கிறாள், மற்றவள் துள்ளி நுகத்தடியை நடுவே முறித்தெறிகிறாள், அரசன் வீழ்கிறான். கிரேக்கர் விடுதலை வேட்கை உடையவர், பாரசீகர் பணிவையே விரும்புவோர் என்ற கிரேக்கரின் தற்பெருமை இங்கே வெளிப்படை. எனினும் அத்தற்பெருமைக்கு அடியிலே வேறொன்று வைக்கப்பட்டுள்ளது. இருவரும் உடன்பிறந்தார் என்பதும், அவர்களைப் பிரித்தது இயல்பன்று, சீட்டு என்பதும் அது. பகைவர் நாட்டிற் பிறந்திருத்தல் நமக்கும் நேர்ந்திருக்கக் கூடியதே என்று சொல்வதற்கு இதனினும் சுருங்கிய உருவகம் அக்கால இலக்கியத்தில் அரிது.

பரணியோடு மீண்டும் ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். கலிங்கத்துப்பரணியிலும் களத்திலிருந்து ஒரு தூது வருகிறது. கலிங்கத்திலிருந்து வந்த பேய் ஒன்றே காளிக்குப் போர் நிகழ்ச்சியை உரைக்கிறது. பாரசீகத் தூதன் தலையில் அடித்துக்கொண்டு வருகிறான். கலிங்கத்துப் பேயோ கூழடுதற்குப் பிணம் கிடைத்த களிப்போடு வருகிறது. சூசாவின் தூதன், மீனவர் சூரை மீனை அடிப்பதுபோல உடைந்த துடுப்பாலும் மரத்துண்டாலும் தன் தோழர் அடிபட்டதை நினைந்து நடுங்குகிறான். செயங்கொண்டாரோ தப்பியோடிய கலிங்க வீரர் வில் நாணைப் பூணூலாக அணிந்து அந்தணராகவும், தலைமயிரைப் பறித்துச் சமணராகவும் வேடமிட்டு உயிர்பிழைத்ததைப் பாடி நகைப்பூட்டுகிறார். அந்நகைச்சுவையின் திறத்தை எவரும் மறுத்தற்கில்லை. சந்தத்தின் வேகத்திலே கலிங்கர் ஓட்டம் காதுக்கும் கேட்கிறது. ஆயினும் பெயரை மட்டுமே பரணி தோற்றவருக்கு விட்டுக்கொடுத்தது. அத்தோல்விக்கு உரிய அரசனான அனந்தவர்மன் சோடகங்கன் சோழ இளவரசி இராசசுந்தரியின் மகன். அவன் பெயரிலேயே 'சோழ' என்ற சொல் கலந்து நிற்கிறது. கிரேக்கக் கவிஞர் கனவிலே கற்பித்துக்கொள்ள வேண்டியிருந்த உடன்பிறப்பு சோழர்க்கும் கலிங்கர்க்கும் இடையே குருதியுறவாகவே இருந்தது. பரணி அதனை முன்னிறுத்தவில்லை.

தமிழ் மரபு முழுவதும் இத்தகையது என்று கொள்ளல் தவறு. வெண்ணிப் போரிலே கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, அவன் வெற்றியைப் புகழ்ந்தவாறே, தோற்றவன் அவனினும் நல்லவன் அல்லனோ என்று கேட்ட புறநானூற்றுப் பாட்டு (66) ஈஸ்கிலஸ் நாடகத்துக்கு உண்மையான உறவினது. வென்றவன் முகத்துக்கு எதிரே நின்று அதனைச் சொன்னமையால், ஒருவகையில் அது நாடகத்தினும் துணிவுடையது.

இனி, ஈஸ்கிலஸ் வழங்காது விட்டவை. இதனை நோக்குமிடத்து நாடகத்தின் பெருமை பேசுவோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பாரசீகர் ஏன் படையெடுத்து வந்தனர்? நாடகம் தரும் விடை செருக்கு. இளம் அரசன் தந்தையினும் பெரியவனாக விரும்பினான், தீயோர் அவனைத் தூண்டினர், எல்லை கடந்து கடலையே நுகத்திற் பூட்டினான், தெய்வம் தண்டித்தது. இது கிரேக்கர் தந்த விடை. பாரசீகர் தந்த விடை வேறு. கி. மு. 499 இல் ஆசியாக் கரையிலிருந்த அயோனிய நகரங்கள் பாரசீக ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ஏதென்ஸ் இருபது கப்பல்களை உதவிக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு அப்படை பாரசீக ஆளுநர் இருக்கையான சார்டிஸ் நகருட் புகுந்தது; நகரம் எரிந்தது; அங்கிருந்த தாய்த்தெய்வத்தின் கோயிலும் உடன் எரிந்தது. பின்னாளிற் பாரசீகர் கிரேக்கக் கோயில்களைக் கொளுத்தியதற்கு இதனையே காரணமாகக் காட்டினர். அக்ரோபொலிசின் கரிந்த கற்களுக்கும் சார்டிசின் சாம்பலுக்கும் இடையே இவ்வாறு ஒரு கணக்கு இருந்தது. நாடகத்தில் டேரியசின் ஆவி எழுந்து, கிரேக்கர் கோயில்களைத் தன் மகனுடைய படை அழித்த பாவத்தைக் கண்டிக்கிறது. சார்டிஸ் எரிந்தது பற்றி அவ்வாவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்நகரம் எரிந்தபோது உயிரோடு அரியணையில் இருந்தவன் இந்த டேரியசே.

இவ்வுண்மைகள் இன்று தெரிவதற்குக் காரணர் ஒரு தலைமுறை பிந்திய ஹெரோடோட்டஸ். அவர் தரும் கதை ஒன்று நாடகத்தோடு வியத்தகு முறையில் இணைகிறது. சார்டிஸ் எரிந்த செய்தி கேட்ட டேரியஸ், ஒவ்வொரு நாளும் உணவு வேளையில் ஏதென்ஸ் மக்களை மறவாதிருக்குமாறு மும்முறை தனக்குக் கூறும்படி பணியாளன் ஒருவனை ஏவினானாம். நாடகத்திலும் டேரியசின் ஆவி ஏதென்சை நினைவில் வைக்குமாறு முதியோருக்குக் கூறுகிறது. ஆனால் அங்கு அது வஞ்சினம் அன்று. இனி எவரும் பிறர் பொருளை வௌவ எண்ணி உள்ளதையும் இழக்கவேண்டாம் என்ற அறிவுரை. சொல் ஒன்றே. வரலாற்றாசிரியர் வாயில் அது பகைவன் நெஞ்சிலிருந்த முறைப்பாடு. நாடகாசிரியர் வாயில் அது பகைவன் கற்றுக்கொண்ட பாடம். ஈஸ்கிலஸ் பாரசீகருக்குத் துயரத்தை வழங்கினார், முறைப்பாட்டை வழங்கவில்லை. பகைவன் அழுவதை ஒப்புக்கொள்வதற்கும், அவனுக்கும் ஒரு வழக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்வதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முன்னையது இரக்கத்தின் வேலை. பின்னையதற்கு நம் கையிலுள்ள கறையையும் நோக்கவேண்டும்.

ஹெரோடோட்டஸ் அவ்வேலையைச் செய்தார். பாரசீக ஆட்சிக்குட்பட்டிருந்த ஹலிகர்னாசஸ் நகரில் அவர் பிறந்தமை இதற்குத் துணைசெய்திருக்கலாம். தம் நூலை அவர் தொடங்குவதே, பூசலுக்குக் காரணம் யாது எனப் பாரசீக அறிஞர் கூறுவதைக் கொண்டுதான். டேரியசின் தூதர்களை ஏதென்ஸ் மக்கள் குழியிலும் ஸ்பார்ட்டா மக்கள் கிணற்றிலும் தள்ளிக் கொன்றதை மறையாது எழுதினார். அப்பழிக்கு ஈடாகத் தம் உயிரைத் தர வந்த இரு ஸ்பார்ட்டரைச் சேர்க்சிஸ் கொல்ல மறுத்து, தூதரைக் கொல்லும் இழிசெயலைத் தானும் செய்யப்போவதில்லை என்று திருப்பி அனுப்பியதையும் எழுதினார். ஈஸ்கிலசின் சேர்க்சிஸ் கந்தல் உடுத்து அரற்றுபவன். ஹெரோடோட்டசின் சேர்க்சிஸ் கொடியவனாயினும் சில வேளை கிரேக்கரினும் பெருந்தன்மை உடையவன். ஐந்து நூற்றாண்டுகள் கழித்துப் புளூட்டார்க் இவ்வாசிரியரை அயலார்மீது காதல் கொண்டவர் என்று இகழ்ந்து ஒரு தனிநூலே எழுதினார். அவ்வசையை ஹெரோடோட்டஸ் தம் நேர்மையாற் சம்பாதித்தார் எனலாம்.

நாடகத்தின் மீது இக்கால அறிஞர் சுமத்திய குற்றம் இதனினும் கடுமையானது. எட்வேட் சையித் 1978 இல் வெளியிட்ட நூலிலே, கீழைநாட்டைத் தாமே படைத்துத் தாமே பேசவைக்கும் மேலைநாட்டு வழக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நாடகத்தைக் காட்டினார். எடித் ஹோல் 1989 இல், 'காட்டுமிராண்டி' என்ற கருத்தையே கிரேக்கத் துன்பியல் எவ்வாறு புனைந்தது என்பதை விரிவாக ஆராய்ந்தார். அவர்கள் கூற்றுக்கு நாடகத்தில் சான்றுகள் நிறைய உண்டு. பாரசீகர் தம்மைத் தாமே 'பார்பரர்' என்று அழைத்துக்கொள்கின்றனர்; அகுரமஸ்தாவை வணங்கியோர் இங்கே கிரேக்கரின் சீயசைப் பெயர் சொல்லி விளிக்கின்றனர். ஆசியாவும் ஐரோப்பாவும் தொடும் நீரிணைக்குப் பாலமிட்டதற்காக மகனைக் கடிந்துகொள்ளும் டேரியஸ், சிதியர்மீது படைகொண்டு சென்றபோது தானும் பொஸ்பரஸ் நீரிணைக்குப் பாலமிட்டவன். நாடகம் அதனை மறந்துவிட்டது. எல்லாவற்றினும் நுண்ணிய சான்று தூதன் பேச்சிலே உள்ளது. விடியலில் கிரேக்கர் எழுப்பிய போர்முழக்கத்தை அவன் சொல்லுக்குச் சொல் தெளிவாக ஒப்புவிக்கிறான். தன் பக்கத்திலிருந்து எழுந்த மறுமொழியையோ பாரசீக மொழியின் இரைச்சல் என்று மட்டும் குறிக்கிறான். தன் தாய்மொழி தனக்கே இரைச்சலாய்க் கேட்பது எங்ஙனம்? அந்த ஓரிடத்திலே பாரசீக வேடம் நெகிழ்ந்து, உள்ளே இருக்கும் கிரேக்கனின் காது வெளிப்பட்டுவிடுகிறது.

இவை யாவும் உண்மையே. எனினும் சையித்தின் தீர்ப்பை முற்றாக ஏற்றற்கில்லை. பிறரைத் தன் மொழியிற் பேசவைப்பது அடக்கியாள்வதன் வழியாவது உண்டு. ஆனால் பிறருடைய இடத்தில் நின்று பார்க்க முயலும் எந்தக் கவிஞரும் தம் மொழியையன்றி வேறெதைக் கொண்டு முயல்வார்? குறையில்லாத முயற்சியை எதிர்பார்ப்போர் முயற்சியே இல்லாத இலக்கியத்தோடுதான் நிறைவுகொள்ள வேண்டும். ஈஸ்கிலஸ் நாடகம் எழுதிய ஆண்டிற் போர் முடிந்திருக்கவில்லை; சேர்க்சிஸ் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தான்; அவன் கொலையுண்டது கி. மு. 465 இல். உயிரோடிருக்கும் பகைவனை இரங்கத்தக்கவனாகக் காட்டுவது எக்காலத்திலும் எளிதன்று. 1993 இல் பீட்டர் செலர்ஸ் என்ற அமெரிக்க நெறியாளர் இந்நாடகத்தைச் சூசாவிலிருந்து பக்தாத்துக்கு மாற்றி, வளைகுடாப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு இலக்கான ஈராக்கியரைப் பாரசீகர் இடத்தில் நிறுத்தினார். லொஸ் ஏஞ்சலிசில் அவையோரிற் பலர் இடையிலேயே எழுந்து சென்றனர். பிரினிக்கசுக்குத் தண்டம் விதித்த நகரம் ஈஸ்கிலசை இறுதிவரை இருந்து கேட்டது என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பாரசீகர் தாமே இப்போரைப் பற்றி யாது கூறினர்? அவர்கள் எழுதிய வரலாறு ஒன்றும் கிடைக்கவில்லை. அரசர் பொறித்த கற்கள் உள்ளன. கிரேக்கரை அக்கற்கள் 'யௌன' எனக் குறிக்கின்றன. அயோனியா என்ற பெயரிலிருந்து பிறந்த இச்சொல்லே வடமொழி வழியாகத் தமிழில் 'யவனர்' என வழங்குவது. பெர்செபோலிசில் 1935 இல் கண்டெடுக்கப்பட்ட சேர்க்சிசின் கல்வெட்டு தனக்கு அடங்கிய நாடுகளை எண்ணுமிடத்து, கடற்கரையில் வாழும் யவனரையும் கடலுக்கு அப்பால் வாழும் யவனரையும் சேர்த்தே எண்ணுகிறது. சலாமிஸ் என்ற பெயர் அதில் இல்லை. தோல்வி என்ற சொல்லும் இல்லை. அந்நகரில் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளோ அரச மகளிர் தம் நிலபுலங்களை மேற்பார்த்து, தம் முத்திரையிட்டு ஆணை பிறப்பித்தமையைக் காட்டுகின்றன. நாடகத்து அரசி ஏதென்ஸ் எங்கே உள்ளது என்று கேட்கும் பேதைமைக்கும் அவர்களுக்கும் உறவில்லை.

மற்றொரு சான்று கி. பி. முதல் நூற்றாண்டு முதல் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாழ்ந்த டயோ கிறிசொஸ்தம் என்ற சொற்பொழிவாளர் வழியாகக் கிடைக்கிறது. மீதிய நாட்டான் ஒருவன் தமக்குச் சொன்னதாக அவர் உரைப்பது இது. பாரசீகர் மரதனை ஒரு போராகவே கருதவில்லை, இருபதுக்கு மேற்படாத கப்பல்கள் காற்றால் அக்கரைக்குத் தள்ளப்பட்டு, அவற்றிலிருந்தோர் அவ்விடத்து மக்களோடு சிறு கைகலப்பில் ஈடுபட்டனர், அவ்வளவே. சேர்க்சிஸ் தெர்மொப்பிலியில் ஸ்பார்ட்டரை வென்று அவர் அரசன் லியோனிடசைக் கொன்றான். ஏதென்சைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். தப்பாதோரை அடிமையாக விற்றான். கிரேக்கர்மீது திறை விதித்து ஆசியாவுக்கு மீண்டான். இதில் ஒரு பகுதி உண்மை. ஒரு பகுதி மிகை. சலாமிஸ் மட்டும் நழுவிவிட்டது. கிரேக்கர் சார்டிசை நழுவவிட்டதும் இதே முறையிலேதான்.

டேரியசின் ஆவி கூறிய எச்சரிக்கை அரங்கிலிருந்தோரை நோக்கியதா என்பது அறிஞரிடையே ஓயாத வழக்கு. கி. மு. 478 இல் பாரசீகருக்கு எதிராக டெலோஸ் தீவிலே தோன்றிய கூட்டணி மெல்ல மெல்ல ஏதென்சின் பேரரசாக மாறிக்கொண்டிருந்தது. 'பாரசீகர்' அரங்கேறுதற்குரிய செலவை ஏற்ற செல்வன், பின்னாளில் அப்பேரரசுக்குத் தலைவனாய் விளங்கிய பெரிக்கிளிஸ். உள்ளதை இகழ்ந்து பிறர் பொருளை விரும்பாதே என்ற சொல் அவன் செவியிலும் விழுந்திருக்கும். அவன் பொருட்டே அது எழுதப்பட்டது என்று துணிதல் மிகையாகும். ஏதென்ஸ் மக்கள் பொதுவாக அந்நாடகத்தை எவ்வாறு கொண்டனர் என்பதற்கோ தெளிவான சான்று உண்டு. கி. மு. 405 இன் தொடக்கத்தில் அரங்கேறிய அரிஸ்டோபனிசின் 'தவளைகள்' என்னும் நகை நாடகத்திலே, இறந்துபோன ஈஸ்கிலஸ் பாதாள உலகிலே தம் புகழைத் தாமே பேசுகிறார். 'பாரசீகர்' இயற்றியதனால் எப்போதும் பகைவரை வெல்லும் வேட்கையைத் தம் மக்களுக்கு ஊட்டியதாக அவர் பெருமைகொள்ள, அருகிலிருந்த தயனைசஸ் தெய்வம் அப்பாரசீகரின் ஒப்பாரியைக் கேட்டுத் தான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்கிறது. அறுபத்தேழு ஆண்டுகளில், பகைவர் அழுகை வென்றவர்க்கு வெறும் இன்பமாகிவிட்டிருந்தது.

அதே ஆண்டில் ஈகொஸ்பொட்டமி என்னுமிடத்திலே, பாரசீகப் பொன்னால் வலுப்பெற்ற ஸ்பார்ட்டாக் கடற்படை ஏதென்சின் கப்பல்களை ஏறக்குறைய முற்றாகக் கைப்பற்றியது. செய்தி கொண்டுவந்த கப்பல் இரவிலே துறைமுகத்தை அடைந்ததைச் செனபன் எழுதியுள்ளார். அழுகையொலி துறைமுகத்திலே தொடங்கி, நெடுமதில்களின் வழியே, ஒருவர் ஒருவருக்குச் சொல்லச் சொல்ல நகரை எட்டியது. அன்றிரவு எவரும் உறங்கவில்லை. மாண்டோருக்காக மட்டுமன்றித் தமக்காகவும் அழுதனர். மீலொஸ் தீவினருக்கும் பிற கிரேக்கருக்கும் தாம் செய்தது இனித் தமக்கு நேரும் என்று அஞ்சினர்.